யேசுவின் சகோதரர் நால்வர்

"யேசுவுக்குச் சகோதரர் நாலு பேர் வேணும் ஃபாதர்."

கிளமன்ற் அடிகளாருக்குக் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீ புரைக்கேறியது. அவர் இந்தப் பங்குக்கு வந்து பதினாறே நாள். மறுநாள் நத்தார், யேசு பிறந்த திருநாள். மேடையில் பாலன் பிறப்பு நாடகத்தின் கடைசி ஒத்திகை.

கேட்டவள் அனஸ்தாசியா. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்த சனத்தோடு எத்தாளைப் பக்க முகாமில் வளர்ந்தவள். முகாமின் முதல் பட்டதாரி. இந்த வருடம் நாடகம் பழக்குகிறவளும் அவள்தான். "என்னத்தையும் கேள், வேசம் மட்டும் கேட்டிடாதை" என்று தாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஊரில் வேசம் என்பது காணிபோலப் பரம்பரைச் சொத்து. சூசையப்பர் மூன்று தலைமுறையாக மனுவேல் வீட்டுக்கு. மாதா எமிலியா வீட்டுக்கு. ஆட்டுக்குக்கூட உரிமைக்காரர் இருந்தார்கள். பாலகன் மட்டும் பொது: கடைசியாக ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தை. துணியில் சுற்றிவிட்டால் எல்லாக் குழந்தையும் யேசுதான். யார் வீட்டுப் பிள்ளையென்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த வருடப் பாலகன் வைக்கோலில் தூங்கினான். பால் கொடுக்க வந்த தாய் பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்தாள்.

முகாம் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருடமாக மேடைக்குக் கீழேதான் இடம்.

"யாக்கோபு, யோசே, யூதா, சீமோன். வேத வாசகத்திலயே பேர் கிடக்கு," என்றாள் அனஸ்தாசியா. அவளுக்குப் பின்னால் நாலு முகாம் பையன்கள் பவுடர் பூசி, உயர வரிசையில் நின்றார்கள்.

"பிள்ளை, மாதா எண்டைக்கும் கன்னி. அவையள் சொந்தக்காரப் பிள்ளையள். இல்லாட்டிச் சூசையப்பரின்ர மூத்த தாரத்துப் பிள்ளையள் எண்டும் சொல்லுவினம்."

"அப்ப மூத்த தாரத்துப் பிள்ளையளா நிக்கட்டும்."

மனுவேலின் மனைவி மாக்கிறட் துள்ளி எழும்பினாள். "மூத்த தாரமோ? என்ர மனுசனுக்கோ? ஆர் அவள்?"

"அக்கா, இது சூசையப்பருக்கு..."

"முப்பது வருசமா இவர்தானே சூசையப்பர்! உச்சமுனைக்கு மீன் எடுக்கப் போறன் எண்டு கிழமைக்கு ரெண்டு நாள் போறார். இப்பதானே விளங்குது!"

மனுவேல் ஒட்டுத்தாடியோடு மட்டையில் வெட்டிய மாட்டுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"இல்லை, இல்லை!" அடிகளார் அவசரமாகத் திருத்தினார். "மாதாவின்ர தங்கச்சி பிள்ளையள்."

"மாதாவுக்குத் தங்கச்சி இருக்கோ?" எமிலியா உசாரானாள். "என்ர சின்னவள் இருக்கிறாள் ஃபாதர். அவளுக்கும் ஒரு வேசம் குடுங்கோ."

சின்னவள் ஓடிவந்து மாதாவாக நின்ற அக்காவின் நீல முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். மாதா ஓங்கி அறைந்தாள். மாதாவின் வாயில் வரக்கூடாத ஒரு சொல்லும் வந்தது. அடிகளார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சரி, பக்கத்து வீட்டுப் பிள்ளையள்!"

"பக்கத்து வீடெண்டா எங்கடையளும்தானே!" என்று தாய்மார் தள்ளிவிட, ஊர்ப்பிள்ளைகள் பதினொரு பேர் மேடையில் ஏறினார்கள். பலகை முறிந்தது.

"போதும்!" அடிகளார் கத்தினார். "யேசுவுக்குச் சகோதரரும் இல்லை, ஒருத்தரும் இல்லை. இந்த நாலு பேரும் இறங்கட்டும்."

"அதுதான் கடைசிச் சொல்லோ ஃபாதர்?"

"ஓம்."

"நல்லது. இருபத்திரண்டு வருசம் எங்கட சனம் வாய் திறக்கேல்லை. நான் ஒருக்காக் கேட்டுப் பார்த்தன், அவ்வளவுதான். நாளைக்குப் பின்னேரம் எங்கட முகாம் மண்டபத்தில நாடகம். மேடை நேற்றே கட்டியாச்சு."

நாடகக் கொப்பியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு அனஸ்தாசியா திரும்பிப் பாராமல் நடந்தாள். நாலு பையன்களும் பின்னால் போனார்கள்.

"போகட்டும்," என்றாள் மாக்கிறட். "யேசு எங்களிட்டத்தானே கிடக்கிறார்."

பின் வாங்கிலிருந்த தாய் எழும்பி மேடைக்கு வந்தாள். றஜனி என்ற அவளுடைய பெயரைக்கூட அதுவரை அங்கே யாரும் கேட்டதில்லை. வைக்கோலுக்குள் கிடந்த பாலகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்கை பிள்ளையைக் கொண்டு போறாய்?" அடிகளார் அலறினார்.

"அண்ணன்மார் போகினமே ஃபாதர், இவன் தனியக் கிடந்து அழுவான்," என்றாள் றஜனி. "அஞ்சும் நான் பெத்ததுதான்."