போர்டு சாரும் பெரிய பண்ணையின் நன்றியுரையும்

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மாரடைப்பு வராமல் தப்பித்தவர்கள் எல்லோரும் நூலகம் இருந்த தெருப்பக்கமே போகாதவர்கள். இதை மிகை என்று நினைக்கிறவர்கள் போர்டு சாரைப் பார்க்காதவர்கள்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அதில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் இருந்த நூலகத்துக்கு அவர்தான் நூலகர். அவருக்கு வேறு பெயர் உண்டு என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. வாசலில் ஒரு கரும்பலகை. அதில் ‘புது வரவு’ என்று வந்திருக்கும் புத்தகத்தையும், ‘வரும் ஞாயிறு’ என்று அதைப் பற்றிப் பேசப்போகிறவரின் பெயரையும் முத்து முத்தாக எழுதிவைப்பார். இதில் அதிர்ச்சிக்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? பேசப்போகிறவரிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். போர்டைப் பார்த்துத்தான் அந்த மனிதருக்கே சேதி தெரியும்.

தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நான் ஒரு நாள் சைக்கிளில் போகையில், ‘தேனீ வளர்ப்பு – சிறப்புரை’ என்பதற்குக் கீழே என் பெயரைப் பார்த்தேன். சைக்கிள் நேராக வாய்க்காலுக்குப் போனது. நானும் கூடவே போனேன்.

சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்து, “என்ன சார் அநியாயம் இது! எனக்கும் தேனீக்கும் என்ன சம்பந்தம்? சின்ன வயசுல ஒரு தடவை கொட்டியிருக்கு, அவ்வளவுதான்” என்று கத்தினேன்.

“அதையே முன்னுரையா வச்சுக்குங்க” என்று புத்தகத்தை நீட்டினார். “இன்னும் ஞாயித்துக்கிழமை வரலியே, படிச்சிடுங்க.”

படித்தேன், பேசினேன். இன்றைக்கும் தேனீ என்று யாராவது வாயெடுத்தால் என் மனைவி அவரை அவசரமாக வேறு பேச்சுக்கு இழுத்துப்போகிறாள். இரும்புக்கடை பாய் கதை இன்னும் மோசம். ‘வானத்து நட்சத்திரங்கள்’ என்பதற்குக் கீழே தன் பெயரைப் பார்த்துவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு படுத்துவிட்டார். “பினாங்குக்குக் கப்பல்ல போனவருதானே பாய்? மேல்தட்டுல படுத்துக்கிட்டு எதைப் பார்த்தீங்க?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போனார் போர்டு சார். ஞாயிறன்று பாய் பேசிய பேச்சில் ஊரே வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தது.

போகாமல் இருந்துவிடலாமே என்றால், முடியாது. வராதவர் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதிவிடுவார். அடுத்த கூட்டம் வரை அழிக்கமாட்டார். ரைஸ்மில் முதலாளிக்கு அப்படி எழுதிய வாரம், அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் கையில் வாங்குமுன்னே, “வரவில்லைன்னு போட்டிருக்கே, உடம்புக்கு ஏதும் சுகமில்லீங்களா?” என்று விசாரித்தார்களாம்.

இதெல்லாம் சில்லறை அதிர்ச்சி. மொத்த அதிர்ச்சி ஒரு வருஷம் தை மாதம் வந்தது.

ஆட்சி மாறிய புதிது. சலூனில்கூடத் தலைமை, முன்னிலை, சிறப்புரை, நன்றியுரை இல்லாமல் நாலு பேர் கூடுவதில்லை. வயலிலோ வேறு நிலைமை. சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. கூலி நெல்லைக் கூட்டித் தராமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்றது விவசாயத் தொழிலாளர் சங்கம். ஒரு நெல்மணி கூட்டமாட்டேன், வெளியூர் ஆளை இறக்கி அறுப்பேன் என்றார் மிராசுதாரான பெரிய பண்ணை. வெளியூர் ஆள் இறங்கினால் வெட்டு குத்துதான். தொழிலாளர்கள் குடியிருந்த கீழத்தெருவில் கம்புகள் தயாராகிவிட்டன, பண்ணை வீட்டிலும்தான். ஆற்றங்கரையில் போலீஸ் வண்டி வந்து நின்றது. நாங்கள் பேசுவதையே குறைத்துக்கொண்டோம்.

அந்த வாரம் போர்டில் பார்த்தால், புது வரவு நெற்பயிர்ப் பூச்சிகளைப் பற்றி ஒரு புத்தகம். சிறப்புரை, சங்கத்துத் தலைவர் மாரிமுத்து. நன்றியுரை, பெரிய பண்ணை!

போர்டைப் படித்தவர்கள் விழுந்துவிடாமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பண்ணை வில்வண்டியில் வந்து இறங்கியபோது, போர்டு சார் முடிந்தார் என்றே நினைத்தோம்.

“என்னய்யா இது? எனக்கு நன்றியுரையா?” என்று கர்ஜித்தார் பண்ணை. “கலெக்டர் வந்த கூட்டத்துக்கே நான்தான் தலைமை. என்னைப் போய்க் கடைசியில எழுந்து நன்றி சொல்றவனாக்கிட்டியே!”

போர்டு சார் வேட்டி நுனியால் ‘நன்றியுரை’யைத் துடைத்தார். “தலைமை காலியாத்தாங்க இருக்கு. போட்டுடவா?”

“போடு!”

போட்டுவிட்டார். வண்டி திரும்பிப் பாதி வழி போனபிறகுதான் பண்ணைக்குத் தான் ஒப்புக்கொண்டது என்ன என்று உறைத்ததாம்.

பின்னாலேயே மாரிமுத்து வந்தார். “அவரு தலைமையில நான் பேசறதா? எங்காளுங்க என்னை என்ன சொல்வாங்க?”

“வராட்டா ‘வரவில்லை’ன்னு போடுவேன். அதுக்கு உங்காளுங்க என்ன சொல்வாங்கன்னு யோசிச்சுக்குங்க.”

ஞாயிற்றுக்கிழமை தெரு தாங்கவில்லை. போலீஸ்காரர்கள் ஜன்னலோரம் நின்றார்கள். மாரிமுத்து எழுந்தார். நெல்லுக்குப் பெரிய பூச்சி பண்ணைதான் என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று ஓடுவதற்குத் தோதாக நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவரோ குருத்துப்பூச்சியில் ஆரம்பித்தார். பண்ணை குறுக்கே புகுந்து, ஆனைக்கொம்பன்தான் ஆபத்து என்றார். இரண்டு பேரும் அந்தி சாயும்வரை பூச்சிக்காக அடித்துக்கொண்டார்கள். சண்டை போடுகிற ஜோரில் எந்தச் சண்டை என்பதையே மறந்துவிட்டார்கள்.

கூட்டத்தில் யார் கேள்வி கேட்டாலும் தலைமை வகிப்பவர் பதில் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது போர்டு சாரின் சட்டம். கடைசி வரிசையில் நாற்று நடுகிற அஞ்சலை எழுந்தாள்.

“தலைவர் அவர்களே!” என்றாள். அதுவரை பண்ணையை அவள் ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். “பூச்சி தின்னது போக மிச்சம் நிக்குதே, அது கொட்டிப்போவுது. நாங்க அறுக்கிறோம். கூலியைக் கூட்டிச் சொல்லுங்க, தலைவர் அவர்களே.”

பண்ணை போர்டு சாரைப் பார்த்தார். போர்டு சார் உத்தரத்தைப் பார்த்தார். கடைசியில் பண்ணை ஒரு கூலியைச் சொன்னார். மாரிமுத்து இன்னும் கொஞ்சம் கேட்டார். கேட்டது முழுசும் கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் விடியும்போது எல்லா வயலிலும் எங்கள் ஊர் ஆட்களின் அரிவாள்தான் இருந்தது. யார் தலையும் உடையவில்லை.

அறுப்பு முடிவதற்குள், நூலகத்தில் கூலிப் பேச்சு நடத்தியதற்காகப் போர்டு சாரை ஒரத்தநாட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அந்த அதிர்ச்சியைத்தான் எங்களால் தாங்கவே முடியவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, “ஒரு வார்த்தை எங்களைக் கேட்டுட்டு எழுதியிருக்கலாமே சார்?” என்றேன்.

“கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?” என்றார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் என் கால்கள் தாமாக நூலகத்துக்குப் போயின. பாய் முன்னாலேயே வந்திருந்தார். மாரிமுத்து வந்தார். பண்ணையும் வந்து பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வேலைக்குப் புதிதாக வந்திருந்த நூலகர் திடுக்கிட்டுப்போய், “இன்னிக்கு நிகழ்ச்சி ஒண்ணும் இல்லீங்களே” என்றார்.

“தெரியும் தம்பி” என்றார் பண்ணை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “ஞாயித்துக்கிழமைன்னா வேற எங்க போறதுன்னு எங்களுக்குத் தெரியல.”