பீட்ரூட் தின்று ஊதிய மூச்சு

சாகும்வரை பிரஷர் மாத்திரை முழுங்குவதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. என் பிரஷர் நூற்றெழுபதுக்கு நூறு என்று தெரிந்ததும் அன்றைக்குத்தான். சங்கரன்கோவிலில் எட்டு விசைத்தறியைக் கட்டி மேய்க்கிறவன் நான். உளுந்து அளவு மாத்திரைக்கு அடங்குவேனா?

அடங்கத்தான் வேண்டும் என்றாள் என் மனைவி ஞானசெல்வி. தினமும் காலையில் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீரோடு வந்து நிற்பாள்.

"வாயத் திறங்க."

"ஆ."

"முழுங்குங்க."

"முழுங்கியாச்சு."

"நாக்க நீட்டுங்க."

நீட்டுவேன். மாத்திரை கன்னத்து ஓரமாக ஒதுங்கியிருக்கும். அப்படியே தறிக்கூடத்துக்குப் போய், மூலையில் கிடக்கும் நூல் தீர்ந்த ஒரே காலிக் கோனுக்குள் தினமும் துப்பி, கழிவு நூலைத் திணித்து அடைத்துவிடுவேன்.

மாத்திரை கொடுத்த டாக்டர் அபிஷா ஒரு ஆராய்ச்சி செய்கிறார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு கூடுகிறதா என்று பார்க்கிறாராம். ரத்தக் குழாயைத் தளர்த்திவிடுகிற வாயுவாம் அது. மாத்திரை தொடங்கும் முன் மிஷினில் ஒரு ஊது, ரெண்டு மாசம் கழித்து ஒரு ஊது. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் ஊதினேன். பதினாலு வந்தது.

ஆறு வாரம் நிம்மதியாகப் போனது. ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே ஞானசெல்வி பேச்சை எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு வாரத்துல ஊதணும்லா? மாத்திரை ஒழுங்கா போட்டிருந்தா நம்பர் ஏறுமாம். போடலன்னா மிஷினே காட்டிக் குடுத்துருமாம்."

சோறு பிசைவதை நிறுத்தினேன்.

"காட்டிக் குடுத்தா?"

"சிவகிரிக்கு அனுப்பிருவேன். ஒரு மாசம் எங்க அண்ணன் பாத்துக்கிடட்டும்."

மச்சான் ஞானதுரை ரிட்டையர்டு பி.டி. வாத்தியார். காலை நாலு மணிக்கு விசில் ஊதித்தான் வீட்டை எழுப்புவார். சாப்பாட்டில் உப்பு கிடையாது. சிரிப்பும் கிடையாது. போன கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் தங்கியதற்கே எனக்கு முட்டு வலி வந்தது.

"ஏங்க, உங்க அப்பா ஒரு கை, ஒரு கால் வராம நாலு வருசம் கிடந்தாக. நான்தான் பாத்தேன். எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கே முழுங்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் எடுத்த சபதம் என்ன ஆவது?

மறுநாள் டிவி ரிமோட்டுக்கு அடியில் ஆஸ்பத்திரித் தாள் ஒன்று கிடந்தது. 'சோதனைக்கு முன் பீட்ரூட், கீரை சாப்பிடக் கூடாது, அளவு கூடிவிடும். புகை பிடிக்கக் கூடாது, அளவு குறைந்துவிடும்.' மூன்று தடவை படித்தேன். அட, இவ்வளவுதானா விஷயம்!

"ஏட்டி, இன்னைக்குப் பீட்ரூட் பொரியல் வையேன்."

"உங்களுக்குத்தான் அது ஆவாதே?"

"ரத்தம் ஊறும்லா."

"ராத்திரிக்கு?"

"கீரை."

"நாளைக்கு?"

"ரெண்டும்."

ரெண்டு வாரம் தின்றேன். பொரியலாக, சாறாக, பச்சையாக. இருபத்திரண்டு வருசத்துச் சிகரெட்டை ஒரே நாளில் நிறுத்தினேன். புத்தி தடுமாறியது. தறியை நிறுத்தப் போய் லைட்டை அணைத்தேன். ஒரு நாள் பாத்ரூமில் சிவப்பாகப் பார்த்து, ஐயோ போச்சே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் பீட்ரூட் ஞாபகம் வந்தது.

ஊதுகிற நாள். கிளம்பும்போது ஞானசெல்வி ஒரு பெரிய பையைக் கையில் கொடுத்தாள்.

"என்னட்டி இது, இந்தக் கனம் கனக்கு?"

"போற வழியில தேவைப்படும். தூக்கிட்டு வாங்க."

சந்தோஷத்தில் இருந்தேன். தூக்கினேன்.

மிஷினில் ஊதினேன். முப்பத்தெட்டு!

"பாத்தியளா டாக்டர், மாத்திரை என்னமா வேலை செய்யுது!"

டாக்டர் அபிஷா சிரிக்கவில்லை. பிரஷர் பார்த்தார். நூற்று அறுபத்தாறு. ஃபைலைப் புரட்டினார்.

"சார், ரெண்டு வகை மாத்திரை குடுக்கோம். ஒரு வகையில இந்த நம்பர் ஏறுதான்னு பாக்கோம். உங்களுக்குக் குடுத்தது இன்னொரு வகை. அதுல பெருசா ஏறாது. பதினாலு கிட்டத்தட்ட பதினாலாவே இருக்கணும். பீட்ரூட் ஏதும் சாப்பிட்டீங்களா?"

"சேச்சே" என்றேன். பல்லெல்லாம் சிவப்பு.

"இது ஏறாதுன்னு உங்க வீட்டம்மாகிட்ட முதல் நாளே சொன்னேனே?"

திரும்பிப் பார்த்தேன். ஞானசெல்வி தன் கைப்பையிலிருந்து ஒரு கோனை எடுத்தாள். கழிவு நூலைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்தாள். ரெண்டு மாச மாத்திரையும் பொலபொலவென்று கொட்டியது.

"கழிவு நூல் பொறுக்குத பேச்சித்தாய் அஞ்சாவது வாரமே காட்டிட்டா" என்றாள். "சண்டை போட்டிருப்பேன். சிகரெட்டாவது ஒழியட்டும்னுதான் நம்பர் ஏறும்னு பொய் சொல்லி, அந்தத் தாளையும் ரிமோட்டுக்கு அடியில வச்சேன்."

"சார், இனி ஒழுங்கா மாத்திரை போடணும். பக்கத்துல இருந்து பாத்துக்க ஆள் இருக்கா?" என்றார் டாக்டர்.

"இருக்காக டாக்டர்" என்றாள் ஞானசெல்வி. "விசிலோட இருக்காக."

பஸ் ஸ்டாண்டில் சிவகிரி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்தாள். கடைசியாக ஒரு சாக்கு சொல்லிப் பார்த்தேன்.

"ஏட்டி, ஒரு மாசத்துக்கு மாத்துத் துணி வேண்டாமா? வீட்டுக்குப் போய் எடுத்துட்டு நாளைக்குப் போறேன்."

"மடியில என்னத்த வச்சிருக்கிய?"

பையைத் திறந்தேன். நாலு வேட்டி, ரெண்டு துண்டு, மாத்திரை அட்டை, அதற்கு மேலே ஒரு கிலோ பீட்ரூட். காலையிலிருந்து அதைச் சுமந்தவனும் நான்தான்.