பதினொன்றாவது ஈரல்

‘பிரமாதம்’காரர் என்றொரு இனம் உண்டு. எந்த ஊரிலும் அகப்படுவார். ஆனால் அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தில், ஏதாவதொரு கிராமத்துப் பழைய விடுதியில், மழை பிடித்துக்கொண்ட சாயங்காலமாகப் பார்த்துப் போக வேண்டும். மேஜையில் உட்கார்ந்து, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எதையோ மென்றுகொண்டிருப்பார். வாய் நிறைந்திருக்கிற சமயமாகப் பார்த்து விடுதிக்காரம்மா வந்து, “எல்லாம் நல்லா இருக்கா?” என்பாள். உடனே முகம் மலரும், தலை ஆடும், கட்டைவிரல் உயரும். “பிரமாதம்!” அவள் முதுகைத் திருப்பியதும் மனைவி பக்கம் குனிவார். “செருப்புத் தோல்.”

இவருக்குக் குறையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டை மூட்டையாக வைத்திருப்பார். கட்டிலின் நடுவில் பள்ளம், வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர், சாத்தினால் திறக்காத ஜன்னல், திறந்தால் மூடாத கதவு. அத்தனையையும் மனைவியிடம் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வார், கேட்க யாரும் அகப்படாவிட்டால் நாயிடம் சொல்வார். சொல்ல வேண்டிய ஆளிடம்? பிரமாதம்.

கிளெமென்ட் ஆட்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிலிருந்து வருஷா வருஷம் கல்யாண நாளன்று மனைவி மியூரியலோடு ‘ஊமை வாத்து’ விடுதியில் ஒரு ராத்திரி தங்குவார். முதல் வருஷம் அவர் கேட்டது மாவில் தோய்த்துப் பொரித்த மீன். வந்தது, பழுப்புக் குழம்பில் வெங்காயத்தோடு மிதந்த ஈரல். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த வாடை வந்தால் தெருவையே மாற்றிக்கொள்கிறவர் அவர்.

“மாத்தித் தரச் சொல்லு,” என்றாள் மியூரியல்.

“பாவம், வேலையா இருக்காங்க.”

தின்றார். விடுதிக்காரி டாப்செல் அம்மா வந்து கேட்டபோது வெறும் ‘பிரமாத’த்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். “இப்படி ஒரு ஈரலை ஜென்மத்துல சாப்பிட்டதில்லைங்க,” என்றார். பொய்யில்லை. மறு வருஷம் அவர் நாற்காலியை இழுத்துப் போடும் முன்பே தட்டு வந்துவிட்டது. “உங்களுக்குன்னே எடுத்து வச்சேன், ராசா!”

பத்து வருஷம். பத்து ஈரல்.

இந்த வருஷம் நாற்பதாவது கல்யாண நாள். காரில் வரும்போதே மியூரியல் சொல்லிவிட்டாள்: “இன்னிக்கு நீ மீன் கேக்கலேன்னா, அடுத்த வருஷம் நான் என் தங்கச்சியோட போர்ச்சுகல் போறேன். நாப்பது வருஷமா என் சமையலையும் பிரமாதம்னுதான் சொல்றே. நான் எதை நம்பறது?”

வந்து சேர்ந்ததும் ஆட்வே நேரே மாடிக்குப் போனார். விடுதி அறையில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். “எனக்கு மீன் வேணும்.” இன்னும் கொஞ்சம் கறாராக, “எனக்கு மீன்தான் வேணும்!” அந்த வேகத்தில் திரும்பி, தாழ்ந்திருந்த உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு, உத்தரத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

கீழே, கணப்புக்குப் பக்கத்து மேஜை. டாப்செல் அம்மா வந்தாள். அதிசயம், கையில் தட்டில்லை!

“எனக்கு…” என்று ஆரம்பித்தார் ஆட்வே.

“ராசா, எப்படிச் சொல்றதுன்னே தெரியல.” ஏப்ரனைக் கசக்கினாள் அவள். “ஈரலை நிறுத்திடலாம்னு சமையக்காரர் சொல்றாரு. வருஷம் பூரா அதைக் கேக்கற ஒரே ஆளு நீங்கதான். உங்களுக்காகத்தான் இத்தனை நாள் விடாம வச்சிருந்தோம். இன்னிக்கு மீன் தரட்டுமா?”

சொர்க்கவாசல் திறந்தது. மேஜைக்கடியில் மியூரியலின் கால் அவர் காலை மிதித்தது. ‘சரி’ என்ற ஒரு சொல் போதும். ஆனால் சட்டென்று சரி என்றால் அந்த அம்மா என்ன நினைப்பாள்? பத்து வருஷம் பாடுபட்டவள். கண்ணோரத்தில் வேறு ஈரம்.

“ஐயோ, நிறுத்தறதா?” என்றது ஆட்வேயின் வாய். “அதுக்காகத்தானே வருஷம் பூரா காத்திருக்கேன்!”

“எனக்குத் தெரியும்! அந்த மனுஷன்கிட்ட அப்பவே சொன்னேன்!” அவள் உள்ளே ஓடினாள். மியூரியலுக்கு மீன் வந்தது. அவருக்கு ஈரல், இரண்டு பங்கு. போதாக்குறைக்கு, சாப்பாட்டுப் பட்டியல் எழுதுகிற சுவர்க் கரும்பலகையில் அவள் சாக்கட்டியால் எழுதினாள்: ‘ஆட்வே ஈரல், இனி என்றும் உண்டு.’

“போர்ச்சுகல்,” என்றாள் மியூரியல். மீனை வெட்டினாள். உள்ளே வேகவில்லை. நடுவில் பச்சையாக, பனிக்கட்டி மினுங்கியது. இருந்தாலும் ஒரு துண்டை வாயில் போட்டாள். போட்ட கணம் பக்கத்தில் டாப்செல் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷம் பொங்க: “மீன் எப்படிம்மா இருக்கு?”

காரில் பொழிந்த பிரசங்கம் முழுவதும் மியூரியலின் தொண்டைவரை வந்தது. ஆட்வே மூச்சுவிடாமல் பார்த்தார். ஊமை வாத்து விடுதியே பார்த்தது.

“பிரமாதம்,” என்றாள் மியூரியல்.

ஆட்வே சிரித்த சிரிப்பில் குழம்பு மேஜை விரிப்பெல்லாம் தெறித்தது.

“வாயை மூடிட்டு உன் ஈரலைத் தின்னு,” என்றாள் அவள். போர்ச்சுகல் பேச்சு அதோடு சரி. அடுத்த வருஷத்துக்குக் கரும்பலகையில் மியூரியல் பெயரில் மீனுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கென்ன, மனதில் பட்டதை நறுக்கென்று சொல்கிற ஆள். போன முறை முடி வெட்டியவர் பின்னந்தலைக்குக் கண்ணாடி பிடித்து, “சரியா இருக்குங்களா?” என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்? சொன்னது இருக்கட்டும். அன்றைக்கு வீடு வரைக்கும் தலையில் துண்டு எதற்கு?