நாற்பத்தொன்பது புள்ளி ஐந்து எட்டு

"என்ன தம்பி இது, என் வயசுல போயி புள்ளி வச்சிருக்கீங்க?"

போனில் சூசையம்மாள். பிராங்ளின் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் என்பதற்காக அல்ல, அன்னாவின் அம்மா என்பதற்காக. அன்னாவை அவனுக்குக் கட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக இருந்தாள்.

நாட்டின் தலைநகரில் கோல் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தவன் அவன்தான். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான டெம்ப்ளேட்டில் அடைப்புக்குறிக்குள் ஒரு கணக்கு இருக்கும். பிறந்த தேதியைப் பார்த்து அதுவே வயதைப் போட்டுக்கொள்ளும். சூசையம்மாளுக்கு 49.58 என்று போட்டிருந்தது.

டெம்ப்ளேட்டோடு வந்த கணித ஃபங்ஷன்களைத் திறந்து பார்த்தான். அடடா, எத்தனை! ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று நோண்டிப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. முதலில் 'ரவுண்ட்' போட்டான்; புள்ளியை நீக்கிப் பக்கத்து முழு எண்ணாக்கிவிடும்.

"அரே, அம்பதா! யாரைக் கேட்டு ஏத்துனீங்க?"

"ஜல்தி சரி பண்ணிடறேன் ஆன்ட்டி. ரவுண்ட் பண்ணினதுல ஏறிடுச்சு."

அடுத்து 'ஃப்ளோர்'. புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் கத்தரித்துவிடும். 49 வந்தது.

"இதுவும் தப்பு. கூடுதலா இருக்கு."

பிராங்ளின் சிரித்துக்கொண்டான். எந்தப் பெண்தான் தன் வயதை ஒப்புக்கொள்கிறாள்? அதற்கும் ஒரு ஃபங்ஷன் இருந்தது. 'மின்' என்று பெயர். இரண்டு எண் கொடுத்தால் சிறியதை எடுத்துக்கொள்ளும். வயதையும் முப்பத்தைந்தையும் கொடுத்தான். இனி யாருக்கும் முப்பத்தைந்தைத் தாண்டாது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

அன்னா போனில் கூப்பிட்டாள். "அம்மாவுக்கு முப்பத்தஞ்சாம், எனக்கு இருபத்தஞ்சாம். குரூப்ல எல்லாரும் கழிச்சுப் பார்த்துச் சிரிக்கறாங்க. உடனே வீட்டுக்கு வா!"

ஓடினான். சூசையம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"பத்து வயசுலயா பிள்ளை பெத்தேன்?"

"நீங்கதானே ஆன்ட்டி குறைக்கச் சொன்னீங்க?"

"குறைக்கவா சொன்னேன்? சரியாப் போடச் சொன்னேன்!"

"உங்க ஸ்கூல் சர்டிஃபிகேட்ல இருக்கற தேதிதான் ஆன்ட்டி." அழுகை வரும்போல இருந்தது. கல்யாணப் பேச்சு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூடப் போகாது என்று நினைத்தான்.

உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்த அவள் கணவர் ஜெபராஜ் தலையை நீட்டினார்.

"கையைத் தலைக்கு மேல வளைச்சுக் காதைத் தொட்டா அஞ்சு வயசுன்னு ஸ்கூல்ல எழுதிக்கிட்ட காலம் அது. இவளுக்குக் கை நீளம், மூணு வயசுலயே தொட்டுட்டா. உங்களுக்கு முன்னாடியே வாத்தியார் ரவுண்ட் பண்ணிட்டாரு, மாப்ளே!"