மாஸ்ரர் வாயால் ஒரு பெயில்

சாத்திரம் சொல்கிறவர்கள் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் சொல்வார்கள். அதுதான் உலக வழக்கம். வாயைத் திறந்தால் தப்பாமல் பிழையாகச் சொல்கிற வரம் பெற்றவர் இந்தக் கனடா தேசத்திலேயே ஒருவர்தான். மோர்னிங்சைட்டில் சாம்பல் நிறக் காரின் கூரையில் மஞ்சள் பலகையைக் கட்டிக்கொண்டு எங்கள் சனத்துக்கெல்லாம் ஓட்டப் பழக்கிய டிரைவிங் மாஸ்ரர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய மனைவியே அவரை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார்.

சித்திரை பிறந்தால் எங்கள் ஊரில் பனி கரையும், ஐஸ் ஹொக்கியில் பிளேஓஃப் என்கிற கடைசிக் கட்டச் சுற்றுகள் தொடங்கும். முதல் சுற்றில் எட்டுச் சோடி அணிகள். ஒவ்வொரு சோடியும் திரும்பத் திரும்ப மோதும். முதலில் நான்கு ஆட்டம் வென்ற அணி அடுத்த சுற்றுக்குப் போகும், மற்றது வீட்டுக்குப் போகும். அந்தச் சுற்று தொடங்குகிற அன்று பின்னேரம் மாஸ்ரர் சந்தியில் இருக்கிற ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடைக்கு வந்து, ஒரு பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டிலும் யார் யார் வெல்வார்கள் என்று அறிவிப்பார். இரண்டாம் சுற்றைப் பற்றி மூச்சு விடமாட்டார். அவர் சொன்ன அணிகள் எல்லாம் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு யாரைப் பற்றிச் சொல்வது?

மனுசன் குருட்டுவாக்கில் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் ஒரு முறை இருந்தது. வாழ்க்கையில் ஒரு நாளும் பனிச்சறுக்குச் சப்பாத்து மாட்டாத மாஸ்ரருக்கு ஐயந்திரிபறத் தெரிந்த ஒரே விசயம், லைசென்ஸுக்காக ஓட்டிக் காட்டுகிற றோட் ரெஸ்ற். ஹொக்கியையும் அவர் அந்தக் கண்ணால்தான் பார்த்தார்.

"உவன் கோல்கீப்பர் தோளுக்கு மேலாலை திரும்பிப் பாக்கிறானே இல்லை அக்கா. பிளைன்ட் ஸ்பொட்டிலை ஆள் நிக்குது. எக்ஸாமினர் எண்டா உடனை இறக்கி விட்டிடுவான்" என்பார், அவரிடம் ஓட்டப் பழகிய என்னிடம்.

இடிக்காமல், மறிக்காமல், மற்றவனுக்கு இடைவெளி விட்டு ஓடுகிற அணி எதுவோ அதுதான் அவர் கணக்கில் வெல்லும். பிளேஓஃபில் நடப்பதோ வேறு. முழங்கையால் இடித்து, மூலையில் வைத்து நெரித்து, கோல்கீப்பரின் மூக்கு நுனியில் போய்க் குந்தியிருக்கிறவன்தான் வெல்வான். நடுவரும் விசிலை விழுங்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். மாஸ்ரரின் நல்ல பிள்ளைகள் வரிசையாக மண்ணைக் கவ்வுவார்கள்.

கேட்டால், "நான் சொன்னது சரி. அவங்கள் விளையாடினதுதான் பிழை" என்பார். பிழைவிட்டேன் என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் அணியில் அவருக்கு உயிர். அவர் வாக்குப்படி ஒவ்வொரு வருடமும் அவர்கள்தான் வெல்வார்கள். நல்ல வளர்ப்பாம், ஸ்ரொப் சைன் கண்டால் நிற்கிற பிள்ளைகளாம். நிற்பது உண்மைதான். எதிராளியின் கோலுக்கு முன்னால் போயும் நின்றுவிடுவார்கள்.

பிளேஓஃப் காலத்தில் அவரிடம் பின்னேர வகுப்புக்குப் போவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற வேலை. கார் றேடியோவில் ஆட்ட வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். பழக்குகிற கார் என்பதால் அவருடைய காலடியிலும் ஒரு பிறேக் உண்டு. ஒருமுறை நான் பச்சை விளக்கில் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போது கார் நடுச்சந்தியில் சடாரென்று நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னை விடாமல் அடித்தான். ஏன் மாஸ்ரர் மிதித்தீர்கள் என்று கேட்டேன். எதிரணிக்காரன் தனியே பந்தைக் கொண்டுபோனானாம், அவனைத்தான் மறித்தாராம். ஹொக்கியில் பந்தே இல்லை, கறுப்பு வட்டு ஒன்றுதான் ஓடும் என்பதை இந்த மேதைக்கு யார் எடுத்துச் சொல்வது?

அவருடைய வாக்கு ஹொக்கியோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். றோட் ரெஸ்றுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும், காரை விட்டு இறங்குமுன் பாஸா பெயிலா என்று சொல்லிவிடுவார். பாஸ் என்றவர்கள் அழுதுகொண்டு வந்தார்கள். பெயில் என்றவர்கள் லைசென்ஸோடு வந்தார்கள். எனக்கு மூன்று முறையும், "கண்ணை மூடிக்கொண்டு பாஸ் அக்கா" என்றார். முதல் முறை நடைபாதையில் ஏற்றினேன். இரண்டாம் முறை எல்லாரும் பறக்கிற றோட்டில் ஊர்ந்தேன். மூன்றாம் முறை நாலு பக்கமும் ஸ்ரொப் சைன் உள்ள சந்தியில், மாஸ்ரர் பழக்கிய மரியாதை மாறாமல், வந்தவன் போனவன் எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டே நின்றேன். எக்ஸாமினர் கொட்டாவி விட்டார்.

நாலாம் முறை விளையாட்டில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு போத்தலில் மருந்து அடைக்கிற கொம்பனி ஒன்றில் வேலை. அதை மார்க்கம் என்கிற பக்கத்து நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். வைகாசியிலிருந்து விடியற்காலை ஷிஃப்ற். அந்த நேரத்தில் அங்கே போக பஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லை என்றால் வேலை இல்லை. இந்த வயதில் வேறு வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? இதையெல்லாம் மாஸ்ரரிடம் சொல்லி ஒரு நாள் ஸ்ரியரிங்கில் முகத்தை வைத்து அழுதும் இருக்கிறேன். அவர் றேடியோவை நிறுத்தினார். அவர் தானாக றேடியோவை நிறுத்தியதை நான் கண்டது அன்றைக்குத்தான்.

என் றோட் ரெஸ்ற் நாளில்தான் எங்கள் அணிக்கும் வாழ்வா சாவா. இரண்டு பக்கமும் மும்மூன்று வென்று, அன்றிரவு கடைசி ஆட்டம். காலையில் மாஸ்ரர் என்னையும் ஏற்றிக்கொண்டு ரீ குடிக்கக் கடையில் நிறுத்தினார். கடைக்கார அண்ணையும் அங்கு நின்ற சனமும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மாஸ்ரர் வாயால் ஒருமுறை எங்கள் அணி தோற்கும் என்று வந்துவிட்டால் போதும், வெற்றி நிச்சயம் என்பது அவர்களுடைய கணக்கு. அண்ணை ஒரு தட்டு மட்டன் றோல்ஸைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"ஒரு சொல்லு மாஸ்ரர். தோக்கும் எண்டு சொல்லுங்கோ. ஊருக்காக."

மாஸ்ரர் கடித்த றோல்ஸை வாயிலிருந்து எடுத்துத் திரும்பவும் தட்டில் வைத்தார். "மனசிலை ஒண்டை வச்சுக்கொண்டு வேறை ஒண்டைச் சொல்ல எனக்குத் தெரியாது அண்ணை. எங்கடை பிள்ளையள்தான் வெல்லுவாங்கள்."

சனம் தலையில் கைவைத்தது. ரெஸ்ற் சென்ரர் போகும்வரை மாஸ்ரரின் வாயையே பார்த்துக்கொண்டு போனேன். இந்த மனுசன் இன்றைக்கும் பாஸ் என்று சொல்லப்போகிறாரே, காதைப் பொத்திக்கொண்டு இறங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். காரை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அக்கா, இண்டைக்கு உங்களுக்குச் சரிவராது. பெயில்தான்."

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வேலை போகப்போகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன். களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி சிவந்துபோய் இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே இறங்கினேன். சந்தியில் என்னுடைய முறை வந்ததும் நான் போனேன், ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பாஸ்.

அன்றிரவு எங்கள் அணி தோற்றது. மறுநாள் கடையில் சனம் மாஸ்ரரைக் கிழித்துத் தோரணம் கட்டியது. அவர் வழக்கம்போல, தான் சொன்னது சரி என்றார். நான் அவருக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து, எனக்கு மட்டும் ஏன் பெயில் சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"கணக்கிலை ஒரு சின்னப் பிழை விட்டிட்டன் அக்கா" என்றார், ரீயைப் பார்த்துக்கொண்டு.

இப்போது நான் மார்க்கத்தில் இருக்கிறேன். ஆனாலும் முதல் சுற்று தொடங்குகிற அன்று பின்னேரம் தவறாமல் காரை ஓட்டிக்கொண்டு அந்தக் கடைக்கு வந்துவிடுவேன். எங்கள் அணிதான் வெல்லும் என்று மாஸ்ரர் அறிவிக்கும்போது சனம் தலையில் கைவைக்கும். நான் ஒருத்தி மட்டும், "ஓம் மாஸ்ரர், இந்தமுறை நிச்சயம்" என்பேன்.