மதகு சாரும் மெயில் முறைப்பாசனமும்

மெயில் சர்வரை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் கண்ணோடு பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ஆபீசில் இருந்தார். தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் போகிற சாலையில், ஒரு ரைஸ் மில்லின் மாடியில், அரிசி ஏற்றுமதி செய்கிற சின்ன கம்பெனி அது. மொத்தம் பதினாறு பேர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள ரிஜிஸ்டரில் இருந்திருக்கும். நாங்கள் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் மதகு சார், அவ்வளவுதான்.

ஒரே வார வேலைக்கு வந்தவர் அவர். எங்கள் முதலாளிக்கு ஒரே காலையில் நான்கு தேசங்களில் லாட்டரி விழுந்திருந்தது. ஐந்தாவது மெயில் வழுக்கைக்கு மருந்து சொல்லியது. லாட்டரியைக்கூட மன்னித்தார், இதை மன்னிக்கவில்லை. சர்வரில் உடனே ஒரு ஃபில்டர் போட ஆள் கொண்டு வாருங்கள் என்று உத்தரவு போட்டார். மறுநாள் தோளில் ஒரு துணிப்பையோடு மதகு சார் வந்து இறங்கினார்.

வந்தவர் மூன்று நாள் எதையும் தொடவில்லை. அரிசி சாம்பிள் அடுக்கியிருந்த அறையின் மூலையில், சர்வருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடும் மெயில் வரத்துப் பதிவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நடுநடுவே கண் சொக்கும். முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவை பொறுமை இழந்து, வேலையை எப்போது ஆரம்பிப்பதாக உத்தேசம் என்று கேட்டார்.

“ஆரம்பிச்சாச்சுங்க. தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வருது, எங்க தேங்குதுன்னு பாக்காம மதகு கட்டக் கூடாதுங்க” என்றார் அவர்.

முதலாளிக்கும் ஆறு மா நிலம் உண்டு. பார்த்துவிட்டே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஃபில்டருக்கு மதகு என்று பெயர், அவருக்கும் அதுவே பெயர். ஒரு வாரம் எட்டு வருஷமாக நீண்டது எப்படி என்று யாருக்கும் தெரியாது.

அவருடைய மதகுக்குச் சில நியதிகள் இருந்தன. முன்பின் தெரியாத இடத்திலிருந்து மெயில் வந்தால் சர்வர் அதை உடனே வாங்காது, அப்புறம் வா என்று திருப்பிவிடும். ஒழுங்கான ஆள் அனுப்பியதாக இருந்தால் கால்மணி கழித்துத் தானாகத் திரும்பி வரும். ஸ்பாம் அனுப்புகிறவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இது உலகம் முழுக்க உள்ள ஏற்பாடுதான். ஆனால் அதை மனிதர்களிடமும் கடைப்பிடித்தவர் இவர் ஒருவரே. புதிதாக யார் வந்து எதைக் கேட்டாலும், கொஞ்ச நேரம் கழித்து வரச் சொல்வார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் சளைக்காமல் ஐந்து தடவை வந்தார். நெசமான ஆள் என்று சொல்லி அவரிடம் பாலிசி எடுத்துக்கொண்டார். கல்யாணத் தரகர் இரண்டாம் தடவை வரவில்லை. ஆகவே மதகு சார் பிரம்மச்சாரி.

கோடையில் இன்டர்நெட் லைன் நூலாக இளைத்துவிடும். ஒரு சித்திரை மாதம் அவர் யாரையும் கேட்காமல் சர்வரில் முறைப்பாசனம் கொண்டுவந்தார். காலையில் கணக்குப் பிரிவுக்கு மெயில் விடுவார். பதினோரு மணிக்கு ஏற்றுமதிக்கு, மத்தியானம் மில்லுக்கு, மூன்று மணிக்கு முதலாளிக்கு. வேறு ஊராக இருந்தால் கலவரம் நடந்திருக்கும். இங்கே எல்லோரும் வாய்க்கால் பார்த்து வளர்ந்தவர்கள், தலையாட்டிவிட்டுப் போய்விட்டோம். கணக்குப் பிரிவு மும்தாஜ் அக்கா மட்டும், கடலோரத்து வியாபாரக் குடும்பம், மெயிலுக்கு எதற்கு முறை என்று கேட்டார். பதினைந்து பேரும் அவரை இரக்கத்தோடு பார்த்தோம். மில் சூப்பர்வைசர் தினமும் வந்து, இன்று மட்டும் கொஞ்சம் முன்னதாகத் திறந்துவிடும்படி கெஞ்சுவார். முதலாளியே இரண்டரை மணிக்கு வாசலில் நின்று தன் முறை வந்துவிட்டதா என்று விசாரிப்பார்.

எந்த மெயிலையும் அவர் அழிக்க மாட்டார். ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் மார்க் போடும். லாட்டரி என்றால் மூன்று, எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தால் ஒன்று, இப்படி ஐந்து சேர்ந்துவிட்டால் அது வடிகால் என்ற தனிப் பெட்டிக்குப் போய்விடும். அந்தக் குப்பையை ஏன் சேர்த்து வைக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அவருக்கு ஊர் வேதாரண்யம் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேர்கிற கடைமடை.

“எங்க ஊருக்கு ஆத்துத் தண்ணி என்னிக்கி தம்பி நேரா வந்துச்சு? மேல உள்ளவன் வடிய விட்டதுலதான் நாங்க நட்டோம். வடிகால்ல வர்றதெல்லாம் கழிவுன்னு நெனச்சுடாதீங்க” என்றார்.

தினமும் மத்தியானம் அந்த வடிகாலை ஒரு வரி விடாமல் படிப்பார். முதலாளியின் கல்லூரி நண்பர் பல வருஷம் கழித்து எழுதிய கடிதம் ஒன்று வழுக்கை மருந்துகளுக்கு நடுவிலிருந்துதான் கிடைத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு வேலை ஓடாது, அவர் பக்கத்தில் போய் உட்காருவேன். ஜன்னலுக்கு வெளியே சம்பா நட்டு இருபது நாள் ஆன பச்சை. காற்று வயலின் ஒரு ஓரத்தில் ஏறி மறு ஓரத்தில் இறங்கும். உள்ளே திரையில் வரிகள் மேலே மேலே ஏறிப் போய்க்கொண்டிருக்கும். கீழே மில் ஒரே சுருதியில் முனகும். கொஞ்ச நேரத்தில் எது வயல், எது திரை என்பது எனக்குக் குழம்பிவிடும். எங்கிருந்தோ யாரோ யாருக்கோ எழுதியதெல்லாம் எங்கள் மூலை வழியாகத் தண்ணீராக ஓடிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். அவரும் நானும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். என் வாழ்க்கையில் அத்தனை நிம்மதியாக நான் சம்பளம் வாங்கியதில்லை.

எந்த வார்த்தைக்கு எத்தனை மார்க் என்பதை ஆபீசில் யார் வேண்டுமானாலும் போய்ச் சொல்லலாம். யார் கேட்டது என்று பெயரோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். நான் ஏற்றுமதிக் கடிதங்களைக் கவனிக்கிறவன். கருத்தரங்குக்காரன், பத்திரிகைச் சந்தாக்காரன் என்று ஊரில் உள்ளவனெல்லாம் எனக்கு ரிமைண்டர் அனுப்பிக்கொண்டிருந்தான். தலைப்பில் ரிமைண்டர் என்று இருந்தாலே ஐந்து மார்க் போட்டுத் தள்ளுங்கள் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் மூன்று தடவை திரும்பிப் போய்க் கேட்டேன். எழுதிக்கொண்டார்.

அந்தக் கார்த்திகையில் வேதாரண்யம் பக்கம் புயல் அடித்தது. அவர் வீட்டு ஓடுகள் பறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கிளம்பும்போது பாஸ்வேர்டை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி என் கையில் கொடுத்து, தினம் ஒரு தடவை வடிகாலைப் பார்த்துவிடச் சொன்னார். சரி சார் என்றேன். முதல் நாள் பார்த்தேன். மறுநாளிலிருந்து பார்க்கவில்லை. என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, கல்யாணப் பத்திரிகை வைக்க ஓடிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் சோம்பல்தான்.

பத்தாம் நாள் முதலாளிக்கு மொரீஷியஸிலிருந்து போன் வந்தது. எங்களுடைய பழைய வாடிக்கையாளர். போனில் பேசிய ஆர்டரை உறுதிசெய்யச் சொல்லி மூன்று ரிமைண்டர் அனுப்பினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றார். முதலாளி கத்துகிற ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அமைதியாகச் சொன்னார்.

“அந்த மெயிலு உனக்கு வரலேன்னு சாயங்காலத்துக்குள்ள காட்டு. இல்லேன்னா நாளைக்கி வராத.”

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன். மதகு சார் அன்று மத்தியானம் வந்து சேர்ந்தார், வேட்டி ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பையைக்கூட இறக்காமல் வடிகாலைத் திறந்தார். மூன்றும் அங்கே இருந்தன. ரிமைண்டர், ரிமைண்டர், ரிமைண்டர். ஒவ்வொன்றுக்கும் சரியாக ஐந்து மார்க். நோட்டை எடுத்துப் புரட்டினார். என் பெயர் இருந்தது, பக்கத்தில் மூன்று தடவை கேட்டார் என்றும் எழுதியிருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

“மெயிலு தம்பிக்குப் போகவே இல்லீங்க. ரூல் நான் போட்டது. வடிகாலைப் பாக்க வேண்டியவனும் நாந்தான். யார்கிட்டயும் அதைப் பாக்கச் சொல்லாம ஊருக்குப் போயிட்டேன்” என்றார்.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் முகம் சுடுகிறது. முதலாளி மொரீஷியஸுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அந்த மனிதர் சிரித்துவிட்டாராம், ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் முதலாளிக்கு மதகின் மேல் நம்பிக்கை போய்விட்டது. இந்த மாதத்தோடு போதும் என்று மதகு சாரிடம் சொல்லிவிட்டார்.

மீதி நாட்களில் அவர் எனக்குச் சர்வரைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பேச்சை எடுக்க விடவே இல்லை. கடைசி நாள் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் ஊர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அக்கா கல்யாணம் முடிந்த பிறகு முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவரைத் திரும்பி வரச் சொல்லு என்றார். போன் போட்டேன். வேதாரண்யத்தில் ஓர் உப்பு வியாபாரியின் ஆபீசில் மதகு கட்ட ஆரம்பித்திருந்தார், தண்ணீர் வரத்தை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வர முடியாது என்றார். அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன், அந்த ரூலைப் போடச் சொன்னது நான்தானே சார் என்றேன்.

“எந்த ரூலு தம்பி?” என்றார்.

எட்டு வருஷத்தில் வடிகாலில் விழுந்த ஒவ்வொரு கடிதத்தையும் தலைப்போடு சொல்லக்கூடிய மனிதர் அவர். இப்போதும் மாதம் ஒரு தடவை போன் செய்து அந்த ரூலைப் பற்றியே கேட்கிறேன். தெரியவே தெரியாது என்று சாதிக்கிறார். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு குழைவு வரும், அதைக் கேட்காமல் எனக்கு அந்த மாதம் முடிவதில்லை.