சம்பந்தி சாப்பிட்ட தோட்டம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பாவின் ஆசிகள். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் அன்பைச் சொல். இங்கே உன் அம்மா நலம், உன் மாமனார் மிக மிக நலம், நான் கீரை. இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போன் இருக்கும் கூடத்தில்தான் அவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், காதும் என்னுடையதைவிடக் கூர்மை. அதனால்தான் கடிதம்.

அவரை இங்கே அனுப்பும்போது நீ என்ன சொன்னாய்? "அத்தை போனதுலேர்ந்து மாமா தனியாவே இருக்காங்கப்பா, கூப்பிட்டா எங்ககூடவும் வரமாட்டேங்கிறாங்க, கொஞ்ச நாள் மனசு கோணாம பாத்துக்குங்க" என்றாய். அவர் மனசு கோணவில்லையம்மா. கோணியது என் வாய்தான்.

வந்த மறுநாள் காலை, ரோஜாச் செடிகளுக்கு நடுவே குந்திக் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். தரையோடு தரையாகப் படர்ந்து, சிவந்த தண்டும் தடித்த பொடி இலையுமாக இருக்குமே, பிடுங்கிப் போட்ட இடத்திலேயே மறுபடி வேர் விடுமே, அந்தச் சனியன்தான். பின்னால் வந்து நின்ற உன் மாமனார், என்ன பறிக்கிறீர்கள் என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடங்களைச் சோதனை போட்ட மனிதர், அவர் கேள்வி கேட்டாலே எனக்குக் கை தானாகக் கட்டிக்கொள்கிறது. தோட்டமெல்லாம் களை மண்டிக் கிடக்கிறது என்று பெண்ணைக் கொடுத்தவன் எப்படிச் சொல்வது? கீரை, நாங்களே போட்டது, உடம்புக்கு ரொம்ப நல்லது என்று சொல்லிவைத்தேன். அவர் அதோடு விட்டாரா? முட்டி வலிக்குக் கேட்குமா என்றார். நானாவது விட்டேனா? அதற்காகத்தானே போட்டதே என்றேன்.

மத்தியானம் அது தட்டுக்கு வந்துவிட்டது. உன் அம்மா கழுவி நறுக்கி வெங்காயத்தோடு வதக்கியிருந்தாள். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் வழவழப்பு. அவர் ஒரு வாய் வைத்து, பிரமாதம் என்றார். அது என்ன செடி என்று எனக்கே தெரியாதே. விஷச் செடியாக இருந்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஒரு கொத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, வெயிலென்று பாராமல் நாற்றுக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கையில்கூட வாங்கவில்லை. "பருப்புக்கீரை சார், தாராளமா சாப்பிடலாம். என்ன, இதே மாதிரி பக்கத்துலயே இன்னொண்ணு படரும், கிள்ளினா பால் வரும், அத மட்டும் தொட்டுடாதீங்க" என்றார். அந்தக் கடையில் ஒரு தட்டில் அதை அழிக்கிற மருந்து இருக்கிறது, எதிர்த் தட்டில் அதை வளர்க்கிற விதை இருக்கிறது. விற்கிறவர் நிம்மதியாகத்தான் இருக்கிறார்.

சொன்ன பொய் உண்மையாகிவிட்ட சந்தோஷம் எனக்கு ஒரு வேளைகூட நிற்கவில்லை. அன்றிலிருந்து காலையில் தயிரில் அது, மத்தியானம் பருப்பில் அது, ராத்திரி சூப்பில் அது. அவர் என் தட்டிலும் அள்ளி அள்ளி வைக்கிறார், சம்பந்தி வைப்பதை வேண்டாமென்று தள்ளவா முடியும்? வேர்க்குரு வந்தால் அரைத்துப் பூசு என்கிறார், கொசு கடித்தால் தண்டைத் தேய் என்கிறார். தலைவலி என்று வாய் தவறிச் சொன்னதற்கு என் நெற்றி முழுக்கப் பற்றுப் போட்டு வாசலில் உட்காரவைத்துவிட்டார், தபால்காரர் தபாலைத் தூரத்திலிருந்தே போட்டுவிட்டுப் போனார். மலச்சிக்கலைப் பற்றி நான் மூச்சே விடவில்லை, உன் அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். அதற்கு அது நன்றாகக் கேட்டது என்பதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். சரி, முட்டி வலி எப்படியிருக்கிறது என்று அவரைக் கேட்டால், குறைந்துகொண்டு வருகிறது, இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பார். எப்போது கேட்டாலும் இதே பதில்தான்.

நேற்றோடு தோட்டத்தில் ஒரு தளிர் பாக்கியில்லை. ரோஜா வைத்த நாளிலிருந்து மண் இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள் குதித்தேன். ஆனால் அவர் முகம் சரியில்லை. காலையிலிருந்து வெறும் பாத்திகளைச் சுற்றிச் சுற்றி வந்தார், பிறகு வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுத் தோட்டத்தை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அங்கே அது பாய் விரித்ததுபோலக் கிடக்கிறது, பாப்பா. ஆகையால், அவர் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி அவரை ஊருக்கு அனுப்பிவை. பொய் சொல்ல உனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை, நீ என் மகள். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் ஆடு இல்லையே.

குழந்தையை வெயிலில் அலைய விடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, கீரை தவிர. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாடிய அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன். உன் மாமனார் நின்றபடியே ரொட்டியும் பொரித்த முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் அம்மா அவருக்காக அடுத்த முட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் மத்தியானம் கண்ணயரும் நேரம் பார்த்து இது தினமும் நடக்கிறதாம். அந்தக் கீரை அவருக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லையாம். முட்டி வலியும் எப்போதோ போய்விட்டதாம், கீரையாலா வெந்நீர் ஒத்தடத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை. அப்புறம் எதற்காக அவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். தட்டைக் கீழே வைத்தார்.

"மருந்து முடிஞ்சா ஊருக்குப் போகணுமே, சம்பந்தி. அங்க யாரோட உக்காந்து சாப்பிடறது?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மா மட்டும், இதைக் கேட்க இத்தனை நாள் ஆனதா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு முட்டையை உடைத்தாள்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். குழாயெல்லாம் உடைய வேண்டாம். அவர் இங்கேதான் இருப்பார், பிடித்ததைச் சாப்பிடுவார். மாப்பிள்ளை கேட்டால், மருந்து இன்னும் முடியவில்லை என்று சொல். எப்போது முடியும் என்று கேட்டால், வைத்தியரைக் கேட்கச் சொல். வைத்தியர் நான்தான்.